மூன்று மாத ஊசி யார் கையில்?

உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்கு வடக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் நகசொங்கோலா மாவட்டம் வரும். மாடு மேய்ப்பதும் மரம் எரித்துக் கரி சுடுவதும் அங்கே பிழைப்பு. வீடுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கும். பல கிராமங்களிலிருந்து சுகாதார நிலையத்துக்குப் போய்வர ஒரு பகல் பொழுது ஆகிவிடும். அந்த மாவட்டத்தில் கருத்தடை மாத்திரையும் ஆணுறையும் வீடு தேடிக் கொடுத்துவந்த கிராமப் பணியாளர்களுக்கு 2004 வாக்கில் புதிதாக ஒரு வேலை கற்றுத் தரப்பட்டது. அது மூன்று மாதக் கருத்தடை ஊசி போடுவது.

அவர்கள் செவிலியர்கள் அல்லர், அந்தந்த ஊர்க்காரர்கள். எழுதப் படிக்கத் தெரியும், ஊரார் நம்புகிறார்கள் என்பவையே அவர்களுடைய தகுதிகள். வகுப்பில் பாடம் படித்தார்கள். பிறகு சுகாதார நிலையத்தில் செவிலியர் பக்கத்தில் நிற்க, ஊசி போட்டுப் பழகினார்கள். ஊருக்குத் திரும்பும்போது அவர்கள் பையில் டெப்போ-புரொவேரா என்னும் அந்த ஊசி மருந்தின் குப்பிகளும், ஒரு முறை அழுத்தினால் மறுபடி இழுக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சுகளும், பயன்படுத்திய ஊசியைப் போடக் கெட்டியான ஒரு பெட்டியும் இருந்தன.

அந்த முயற்சியைக் கவனித்த ஆய்வு 2007-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. புதிதாக ஊசி தொடங்கிய 945 பெண்களில் சிலர் கிராமப் பணியாளரிடமும் சிலர் நிலையத்துச் செவிலியரிடமும் போட்டுக்கொண்டவர்கள். அவர்களில் 777 பேரைத் திரும்பத் தேடிப்பிடித்துப் பேசினார்கள். இரண்டாவது ஊசியையும் போட்டுக்கொண்டவர்கள் கிராமப் பணியாளர் பக்கம் 88 சதவீதம், செவிலியர் பக்கம் 85 சதவீதம். திருப்தி என்றவர்கள் முறையே 95, 93 சதவீதம். ஊசி போட்ட இடம் சீழ் பிடித்தது, பழுத்தது என்று கவலைப்படும்படியான பாதிப்பு எதுவும் இல்லை.

இது பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல. பக்கத்து வீட்டுப் பணியாளரைத் தேடிப் போனவர்களும் நிலையத்துக்கு நடந்து போனவர்களும் தொடக்கத்திலேயே வேறு வேறு மனநிலையில் இருந்திருக்கலாம். ஆகவே 88-க்கும் 85-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக்கொண்டு கிராமப் பணியாளர் செவிலியரைவிட மேல் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அவர்கள் எந்த வகையிலும் தாழ்ந்துபோகவில்லை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. அன்றைக்குத் தேவைப்பட்ட பதிலும் அதுதான். மருத்துவத் துறை எழுப்பிய எதிர்ப்பு ஒரே வாக்கியத்தில் அடங்கும்: படிக்காதவன் கையில் ஊசியைக் கொடுத்தால் பெண்ணின் உயிருக்கு ஆபத்து.

எந்தப் பெண்ணுக்குப் போடலாம், யாருக்குக் கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில், அவள் கர்ப்பமாக இருக்கிறாளா என்று தெரிய வேண்டும். பரிசோதனை அட்டை இல்லாத ஊரில் அதற்கு ஆறு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. கடைசி மாதவிலக்கு வந்து ஏழு நாளைக்குள் இருக்கிறதா? நாலு வாரத்துக்குள் பிரசவம் ஆனதா? ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுத்துவருகிறாயா, பிரசவத்துக்குப் பிறகு இன்னும் விலக்கு வரவில்லையா? ஏழு நாளைக்குள் கருச்சிதைவு ஆனதா? கடைசி விலக்குக்குப் பிறகு கணவனோடு சேரவே இல்லையா? வேறு நம்பகமான கருத்தடை முறையைத் தவறாமல் பயன்படுத்திவருகிறாயா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆமாம்’ என்றாலும், கர்ப்பத்துக்கான அறிகுறி வேறு இல்லை என்றால், ஊசி போடலாம். கென்யாவில் சோதித்துப் பார்த்தபோது, இந்தப் பட்டியல் ‘கர்ப்பம் இல்லை’ என்று சொன்ன பெண்களில் ஏறத்தாழ எல்லோருமே உண்மையில் கர்ப்பமாக இல்லை. இதோடு மார்பகப் புற்றுநோய், கடுமையான கல்லீரல் நோய், மிகை ரத்த அழுத்தம், காரணம் தெரியாத ரத்தப்போக்கு ஆகியவை பற்றி இன்னும் சில கேள்விகள். பொறுமையாகக் கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளத் தெரிந்த எவரும் செய்யக்கூடிய வேலை இது. கூட்டம் நெரிக்கும் மருத்துவமனை வெளிநோயாளிப் பிரிவில்தான் இது பெரும்பாலும் விட்டுப்போகிறது.

ஊசியின் இயல்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டெப்போ-புரொவேராவில் உள்ள 150 மில்லிகிராம் மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் தசையில் ஏறினால் மூன்று மாதத்துக்குக் கரு தங்காது. தேதி தவறாமல் போட்டுக்கொண்டால் ஆண்டுக்கு ஆயிரம் பெண்களில் இரண்டு பேருக்குத்தான் கரு தங்கும். நடைமுறையில் தேதி தவறுகிறது. அப்போது அது நூற்றுக்கு நான்கு பேர் என்கிற அளவுக்கு ஏறிவிடுகிறது. தேதி தவறுவதற்குப் பெண்ணின் மறதியைவிட, ஆண்டுக்கு நாலு முறை ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டு, குழந்தையை யாரிடமாவது ஒப்படைத்து, கணவனிடமோ மாமியாரிடமோ ஒரு காரணம் சொல்லிப் போய்வர வேண்டியிருப்பதே பெரிய காரணம். போன பிறகு மருந்து இல்லை என்ற பதில் கிடைத்தால் அடுத்த முறை கால் எழாது. மருந்துக்கு உள்ள சக்தியை இந்த நடை தின்றுவிடுகிறது. ஊர்க்காரர் ஒருவர் கையில் ஊசி இருக்க வேண்டும் என்ற வாதம் பிறந்தது இதிலிருந்துதான்.

நகசொங்கோலாவுக்கு ஏறத்தாழ முப்பதாண்டு முன்பே வங்கதேசம் இதைச் செய்து பார்த்துவிட்டது. மேக்னா ஆற்றுப் படுகையில், ஆண்டில் பல மாதம் படகில்தான் போக முடிகிற மத்லப் வட்டாரத்தில், 1975-ல் வீடு வீடாக மாத்திரையும் ஆணுறையும் கொடுத்தார்கள். கொடுக்கப் போனவர்கள் பெரும்பாலும் வயதான, எழுத்தறிவில்லாத கைம்பெண்கள். முதலில் பயன்பாடு மளமளவென்று ஏறியது; சில மாதங்களில் சரிந்தது. பெண்களுக்கு ரத்தப்போக்கும் குமட்டலும் வந்தபோது கேட்க ஆள் இல்லை, மாற்று முறையும் இல்லை. 1977-ல் திட்டத்தையே மாற்றினார்கள். படித்த, திருமணமான, குழந்தை பெற்ற, தானே கருத்தடை முறை ஒன்றைப் பயன்படுத்துகிற உள்ளூர்ப் பெண்கள் சுமார் 80 பேரை வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்து, இரு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போகச் செய்தார்கள். மாத்திரை, ஆணுறை ஆகியவற்றோடு ஊசியும் அவர்கள் கையில் இருந்தது. பக்கவிளைவு வந்தால் மேலே அனுப்ப வட்டாரத்தில் பெண் மருத்துவப் பணியாளர்கள் இருந்தார்கள்.

இந்த முறை பயன்பாடு ஏறியது, பழையபடி சரியவில்லை. பெண்கள் அதிகம் கேட்டது ஊசியைத்தான். திட்டம் நடந்த சுமார் 70 கிராமங்களையும் நடக்காத பக்கத்துக் கிராமங்களையும் ஆய்வாளர்கள் இன்றுவரை ஒப்பிட்டுவருகிறார்கள். திட்டக் கிராமங்களில் பிள்ளைப்பேறு குறைந்தது மட்டுமில்லை, தாயின் உடல்நிலையும் குழந்தைகளின் உடல்நிலையும் மேம்பட்டன. 1975-க்கும் 1977-க்கும் இருந்த வேறுபாட்டையே இந்தத் துறையின் மிகப் பெரிய பாடம் என்று நினைக்கிறேன். இரண்டு முறையும் சரக்கு வாசலுக்கு வந்தது. இரண்டாவது முறைதான், சரக்கைக் கொண்டுவந்தவள் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்து ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டாள்.

உகாண்டாவுக்குப் பிறகு மடகாஸ்கர், மலாவி, எத்தியோப்பியா, கென்யா, நைஜீரியா என்று வரிசையாக நாடுகள் முயன்றன. 2009 ஜூனில் ஜெனீவாவில் கூடிய நிபுணர் குழு, தக்க பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்கள் இந்த ஊசியைப் பாதுகாப்பாகப் போட முடியும் என்று முடிவு சொன்னது. 2012-ல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும், தொடர் கண்காணிப்பு வேண்டும் என்ற நிபந்தனையோடு, அதை ஏற்றது. விளைவுகள் சாதாரணமானவை அல்ல. எத்தியோப்பியாவில் 2000-ல் திருமணமான பெண்களில் 6 சதவீதம் பேர்தான் நவீன கருத்தடை முறைகளைப் பயன்படுத்தினார்கள். 2016-ல் 35 சதவீதம். அந்த 35-ல் 23 ஊசி. மலாவியில் 2015-16 கணக்கெடுப்பில் திருமணமான பெண்களில் 30 சதவீதம் பேர் ஊசியில் இருந்தார்கள்.

இந்த உயர்வு முழுவதையும் சமூகப் பணியாளரின் கணக்கில் எழுதிவிட முடியாது. பள்ளிக்குப் போன பெண்கள் கூடினார்கள், சாலை வந்தது, பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனாலும் எத்தியோப்பியா 2003 முதல் கட்டியெழுப்பிய அமைப்பைப் பார்க்காமல் அந்த எண்ணைப் படிக்க முடியாது. சுமார் 5,000 பேர் வாழும் ஒவ்வொரு சிற்றூராட்சிக்கும் இரண்டு பெண்கள், பத்தாம் வகுப்பு முடித்தவர்கள், ஓராண்டுப் பயிற்சி, அரசுச் சம்பளம். மலாவியின் சுகாதாரக் கண்காணிப்பு உதவியாளர்களும் அரசு ஊழியர்கள்தான். உகாண்டாவின் கிராம சுகாதாரக் குழுவினரோ தொண்டர்கள்: ஒரு சட்டை, ஒரு பை, சைக்கிள், அவ்வப்போது கூட்டப்படி. எல்லா நாடுகளையும் ஒரே தலைப்பில் போட்டு ‘சமூகப் பணியாளர் மாதிரி’ என்று எழுதும் அறிக்கைகள் இந்த வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடுகின்றன. சம்பளம் வாங்குகிறவளுக்கும் வாங்காதவளுக்கும் நடுவில் உள்ள தூரம், நிலையத்துக்கும் கிராமத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தைவிடப் பெரியது.

இதற்கிடையில் ஊசியின் வடிவமே மாறியது. பாத் என்ற அமைப்பு தடுப்பூசிகளை மனதில் வைத்து உருவாக்கிய ‘யூனிஜெக்ட்’ என்னும் சிறு பிளாஸ்டிக் குமிழில் இதே மருந்தை 104 மில்லிகிராம் அளவில் அடைத்து, சயனா பிரஸ் என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். குப்பி கிடையாது, சிரிஞ்சு கிடையாது. குமிழை அரை நிமிடம் குலுக்க வேண்டும். மூடியை உள்ளே அழுத்தினால் ஊசி மருந்தோடு இணையும். மூடிக்கும் கழுத்துக்கும் நடுவில் தெரிந்த இடைவெளி மறையும். வயிற்றிலோ தொடையிலோ மேற்கையின் பின்புறத்திலோ தோலை இரு விரலால் கிள்ளித் தூக்கி, ஊசியைச் செருகி, ஐந்து முதல் ஏழு விநாடி மெதுவாகக் குமிழை நசுக்க வேண்டும். அவ்வளவே. தசையைத் தேடிக் குத்தத் தேவையில்லை. தோலுக்கடியில் போனால் போதும். 2014 முதல் பர்கினா ஃபாஸோ, நைஜர், செனகல், உகாண்டா ஆகிய நாடுகள் இதைத் தொடங்கின. அதே ஆண்டு ஃபைசர் நிறுவனமும் கேட்ஸ் அறக்கட்டளையும் வேறு சிலரும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் ஏழை நாடுகளுக்கு ஒரு ஊசியின் விலை ஒரு டாலர் ஆனது.

கிராமப் பணியாளர் எளிதாகப் போட வேண்டும் என்று கொண்டுவந்த கருவி, அவரும் இல்லாமல் பெண்ணே போட்டுக்கொள்ளலாம் என்ற இடத்துக்கு வந்து நின்றது. மலாவியின் மங்கோச்சி மாவட்டத்தில் 731 பெண்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்து, மேலும் மூன்று ஊசிகளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மறுபாதி நிலையத்திலோ ஊர்ப் பணியாளரிடமோ போட்டுக்கொண்டது. ஓராண்டு முடிவில் தானே போட்டுக்கொண்டவர்களில் 73 சதவீதம் தொடர்ந்திருந்தார்கள். மற்றவர்களில் 45 சதவீதம். 2018-ல் இது வெளிவந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் சுய ஊசியைப் பரிந்துரைத்தது.

இந்த 73-ஐயும் 45-ஐயும் பார்த்து, பணியாளரே தேவையில்லை என்ற முடிவுக்குச் சிலர் தாவுகிறார்கள். எனக்கு அது தவறாகப் படுகிறது. முதல் ஊசியை எப்படிப் போடுவது என்று உட்கார்ந்து கற்றுத்தந்தது யார்? விலக்கு நின்றுபோன மாதத்தில் பயந்து ஓடி வந்து கேட்பது யாரிடம்? அவள் கையில் ஊசியைக் கொடுப்பதற்கும், ‘இனி உன் பாடு’ என்று கைகழுவுவதற்கும் வித்தியாசம் உண்டு.

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்த ஊசியின் சரித்திரம் சுத்தமானதல்ல. அமெரிக்காவின் அட்லாண்டாவில் கிரேடி மருத்துவமனையில் 1967 முதல் 1978 வரை ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இதைப் போட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர், ஏழைகள். நாய்களில் நடத்திய சோதனையில் மார்பகக் கட்டிகள் வந்ததைக் காட்டி 1978-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்தது, 1992-ல்தான் தந்தது. சொந்த நாட்டில் அனுமதி இல்லாத அந்த ஆண்டுகளில் மூன்றாம் உலக நாடுகளுக்கு அது தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. ரொடீஷியாவின் வெள்ளையர் ஆட்சியில் கறுப்பினப் பெண்கள்மேல் பயன்படுத்திய விதம் பிடிக்காமல்தான், விடுதலை பெற்ற ஜிம்பாப்வே 1981-ல் இதைத் தடை செய்தது.

இந்தியாவில் நடந்ததும் இதற்குச் சளைத்ததல்ல. 1985-ல் ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செருவின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெட்-என் என்ற இரண்டு மாத ஊசியின் சோதனைக்காகப் பெண்களைத் திரட்டினார்கள். இது சோதனை என்பது அவர்களுக்குத் தெரியாது. பெண்கள் அமைப்பினர் போய்ப் பக்கவிளைவுகளை எடுத்துச் சொன்னபோது பலர் எழுந்து போய்விட்டார்கள். அதிலிருந்து பிறந்த உச்சநீதிமன்ற வழக்கு 2000 வரை நீண்டது. டெப்போ-புரொவேராவுக்கு இந்தியாவில் 1993-ல் விற்பனை உரிமம் கிடைத்ததும் அடுத்த வழக்கு. 1995-ல் மருந்து தொழில்நுட்ப ஆலோசனைக் குழு, அரசின் குடும்பநலத் திட்டத்தில் இதை மொத்தமாகச் சேர்க்கக் கூடாது என்றது. இருபதாண்டு கழித்து, 2015-ல் அதே குழு ஒப்புக்கொண்டது. 2017-ல் ‘அந்தரா’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளுக்கு ஊசி வந்தது.

சஹேலி போன்ற பெண்கள் அமைப்புகள் அன்றைக்கு எழுப்பிய கேள்விகளை முன்னேற்றத்துக்குப் போட்ட முட்டுக்கட்டை என்று இன்று சிலர் எழுதுகிறார்கள். அது அநியாயம். நெருக்கடிநிலைக் காலத்தின் கட்டாய அறுவை சிகிச்சைகளைக் கண்ட நாடு இது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் பக்கம், ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். அந்தப் பகுதி முகாம்களில் 13 பெண்கள் செத்துப்போனார்கள். இப்படிப்பட்ட ஒரு துறையின் கையில் ஒரு முறை போட்டால் மூன்று மாதத்துக்கு உடம்பிலிருந்து எடுக்க முடியாத மருந்தைக் கொடுக்கலாமா என்று கேட்டது நியாயமான கேள்வி. ஈழத்திலும் இந்த அச்சம் புதிதல்ல. 2013-ல் கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில் பகுதியில், பெண்களின் உண்மையான சம்மதமில்லாமல் கையில் கருத்தடைக் குச்சி பொருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அங்கே சுகாதாரப் பணியாளர் வெளியூர்க்காரர் அல்லர், ஊருக்குள் வந்துபோகிறவர். அண்மை மட்டும் பெண்ணைக் காப்பாற்றிவிடாது.

மருந்தைப் பற்றிய பயங்களில் சில தீர்ந்தன, சில தீரவில்லை. எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை இந்த ஊசி கூட்டுகிறதா என்ற சந்தேகம் ஆப்பிரிக்காவை ஆண்டுக்கணக்காக வாட்டியது. எஸ்வாத்தினி, கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா ஆகிய நான்கு நாடுகளில் 7,829 பெண்களை வைத்து நடத்திய ‘எக்கோ’ ஆய்வின் முடிவு 2019-ல் வெளிவந்தது. ஊசி, செப்புக் கருத்தடைச் சாதனம், கைக்குச்சி ஆகிய மூன்றுக்கும் நடுவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அந்தப் பெண்களில் 397 பேருக்கு ஆய்வுக் காலத்திலேயே எச்.ஐ.வி. வந்தது. கருத்தடை தேடி வந்த பெண்ணுக்கு அந்த நோயிலிருந்து பாதுகாப்பைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசவில்லை என்பதை இந்த எண்ணைவிடக் கடுமையாக எதுவும் சொல்ல முடியாது. எலும்பின் அடர்த்தி ஊசி போடும் காலத்தில் குறைகிறது, நிறுத்தினால் பெரும்பாலும் மீள்கிறது. நீண்ட நாள் போட்டவர்களுக்கு மெனிஞ்ஜியோமா என்ற மூளைக்கட்டி வரும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் என்று 2024-ல் பிரான்ஸ் ஆய்வு ஒன்று காட்டியது. கட்டியே அரிதானது என்பதால் தனிப்பட்ட பெண்ணுக்கு ஆபத்து சிறிதுதான். ஆனாலும் அவளிடம் சொல்ல வேண்டியது.

கிராமத்துப் பெண்ணைப் பொறுத்தவரை இவற்றைவிடப் பெரியது விலக்குதான். முதல் மாதங்களில் திட்டுத்திட்டாக, நாள் தெரியாமல் படும். ஓராண்டு போனால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விலக்கு நின்றே போகும். ‘கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிட்டது’ என்று பயப்படுவார்கள். விலக்கு நாளில் சமையலறைக்கும் கோயிலுக்கும் போகக் கூடாத வீட்டில் ஓயாமல் படுகிற ரத்தம் என்ன பாடு படுத்தும் என்று நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிறுத்திய பிறகு அடுத்த கரு தங்கக் கடைசி ஊசியிலிருந்து சராசரியாகப் பத்து மாதம் ஆகலாம். அதைச் சொல்லாமல் விட்டால், ‘ஊசி போட்டு மலடாக்கிவிட்டார்கள்’ என்று ஊரே பேசும். போடும் முன்பே இதையெல்லாம் சொல்லி வைத்தால் தொடர்பவர்கள் கூடுகிறார்கள் என்று ஆய்வு மேல் ஆய்வாகத் தெரிந்திருக்கிறது.

கணவனுக்குத் தெரியாமல் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. மாத்திரை அட்டை அலமாரியில் அகப்படும். ஊசியின் தடம் அகப்படாது. ஆப்பிரிக்கா முழுவதும் இந்த ஊசி பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இவர்களுக்கு ஊர்ப் பணியாளர் வரமாகவும் அமையலாம், வினையாகவும் அமையலாம். தன் வீட்டு வாசலில் வந்து நிற்கும் ஆஷா என்ற இந்திய ஊர் சுகாதாரப் பணியாளரைவிட, யாரும் தன்னை அறியாத நகரத்து மருத்துவமனையே ஒருத்திக்குப் பாதுகாப்பாகப் படலாம். வாசலுக்கு வந்துவிட்டது என்பதற்காக நிலையத்துச் சேவையை மூடிவிடக் கூடாது.

இன்று நம் நாட்டில் நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியத் திருமணமான பெண்களில் ஊசியைப் பயன்படுத்தியவர்கள் 0.6 சதவீதம். கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம். பக்கத்து வங்கதேசத்தில் 2017-18 கணக்கின்படி ஊசி 11 சதவீதம். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். பெரும்பாலும் இருபதுகளின் நடுவிலேயே, இரண்டாவது பிரசவத்தோடு. பிறப்பு விகிதம் எப்போதோ குறைந்துவிட்டது. ஆனால் முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மூன்று ஆண்டு வேண்டும் என்கிற பெண்ணுக்கு, அல்லது நாற்பது வயது வரை எதையும் வெட்டாமல் இருக்க விரும்புகிற பெண்ணுக்கு, காப்பர்-டி தவிர வழி காட்டுபவர் குறைவு. பிறப்பு விகிதம் குறைந்த மாநிலத்துக்கு இந்த ஊசி எதற்கு என்று கேட்பவர்கள், கருத்தடை என்பதே எண்ணிக்கையைக் குறைக்கத்தான் என்ற பழைய கணக்கிலேயே நிற்கிறார்கள்.

அந்தரா திட்டத்தில் முதல் ஊசிக்கு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அடுத்தடுத்த ஊசியைப் பயிற்சி பெற்ற செவிலியர் போடலாம். ஆஷாவின் வேலை பெண்ணை அழைத்துப் போவதும் தேதியை நினைவூட்டுவதும். ஆக, வீட்டுப் படியேறிப் பேசுகிறவள் கையில் ஊசி கிடையாது. ஊசி கையில் உள்ளவருக்குப் பேச நேரம் கிடையாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி போடுவதைத் தமிழ்நாடு பல்லாண்டாகப் பார்த்துவருகிறது. இலங்கையில் குடும்பநல மாது பணியாற்றும் ஊர்க் கிளினிக்கில் மூன்று மாத ஊசி வழக்கமான ஒன்று. இப்படி இருக்க, தோலுக்கடியில் போடும் ஊசியைத் துணை சுகாதார நிலையத்திலேயே முதல் முறை தொடங்கவும், தகுந்த பயிற்சி பெற்ற ஆஷா தொடர்ந்து போடவும் தடையாக இருக்க வேண்டிய மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. உலகச் சான்றுகள் இத்தனை ஆண்டாகச் சொல்வது அதுதான்.

எனக்குள்ள தயக்கம் வேறு இடத்தில். பிறப்பு விகிதம் கூடுதலாக உள்ள மாவட்டங்களில் அரசு ஒவ்வொரு ஊசிக்கும் ஆஷாவுக்கு 100 ரூபாயும், போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு 100 ரூபாயும் தருகிறது. இன்றைக்கு அழைத்துப் போக மட்டும் அந்தப் பணம். நாளை ஊசியும் அவள் கையில் இருந்தால்? மாதச் சம்பளம் என்று ஒன்று இல்லாமல், செய்த வேலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்க்கப்படும் பெண், ‘உனக்கு இது ஒத்துவராது, விட்டுவிடு, ஆணுறை தருகிறேன்’ என்று சொல்லும்போது தன் வீட்டு அடுப்புச் செலவிலிருந்து 100 ரூபாயை விட்டுக்கொடுக்கிறாள். அவள் நேர்மையைச் சோதிக்கும் ஏற்பாடு இது. 1996-ல் இந்தியா குடும்பநலத் திட்டத்தில் இலக்கு முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. 1998 முதல் அமெரிக்கப் பணத்தில் நடந்த கருத்தடைத் திட்டங்களிலும், இத்தனை பேர் என்று இலக்கு வைப்பதையும் தலைக்கு இவ்வளவு என்று ஊழியருக்குப் பணம் தருவதையும் அமெரிக்கச் சட்டம் தடுத்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பெண்ணுக்கு உண்மை சொல்லப்படுகிறதா என்று பட்டான்செருவில் எழுந்த கேள்விக்கு ஆஷாவிடம் பதில் இருக்க முடியும். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல அவளுக்கு நிலையான சம்பளம் வேண்டும். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. ஊதியத்துக்காக அவர்கள் தெருவில் உட்கார்ந்து போராடுவது அதற்கு முன்பும் நடந்தது, பின்பும் நடக்கிறது.

சரக்கு தொடர்ந்து வருமா என்பதும் பெரிய கவலை. ஆப்பிரிக்கத் திட்டங்கள் பலவற்றுக்குக் கருத்தடைப் பொருள் அமெரிக்க உதவியில் வந்தது. 2025-ல் அந்த உதவி அமைப்பே கலைக்கப்பட்டது. பெல்ஜியத்தில் கேல் என்ற ஊரின் கிடங்கில் சுமார் 97 லட்சம் டாலர் பெறுமான ஊசிகளும் கைக்குச்சிகளும் மற்றவையும் தேங்கிக் கிடந்தன. அவற்றை எரித்துவிட முடிவு என்று அந்த ஆண்டு ஜூலையில் செய்தி வந்தது. ஊசியைத் தேதிக்குப் போடாவிட்டால் நான்கு வாரம்தான் சலுகை. அதற்குள் அடுத்தது வர வேண்டும். கிராமத்தில் ஒரு பெண்ணிடம் ‘மூன்று மாதம் கழித்து வா’ என்று சொன்ன பணியாளரின் வாக்கு, அவள் கண்டிராத ஊர்களின் கிடங்குகளை நம்பி நிற்கிறது. இந்த வகையில் இந்தியாவுக்குக் கவலை குறைவு. மருந்தைத் தானே தயாரித்து, தன் பணத்தில் வாங்க முடிகிற நாடு.

தோலுக்கடியில் போடும் ஊசியையும் கைக்குச்சியையும் சில மாநிலங்களின் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் இந்திய அரசு சோதனை முறையில் கொண்டுவந்திருக்கிறது. அதன் முடிவுகளை எழுதப்போகிறவர்கள், எத்தனை பேருக்கு முதல் ஊசி போட்டோம் என்ற எண்ணை முதல் பக்கத்தில் வைப்பார்கள், அப்படித்தான் வழக்கம். அதற்குப் பக்கத்திலேயே வேறு சில எண்களும் வேண்டும். இரண்டாவது ஊசிக்கு வராதவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள், அவர்கள் நிறுத்தியதற்குச் சொன்ன காரணம் என்ன, வேறு முறை கேட்டவர்களுக்கு அது அதே நாளில் கிடைத்ததா என்று ஆஷாவின் பதிவேட்டிலேயே கட்டம் போட்டுக் கேட்டுவிடலாம். நிறுத்தியவளின் பெயருக்கு நேரே எழுதும் காரணத்துக்கும், போட்டவளின் பெயருக்கு நேரே எழுதும் தேதிக்கு உள்ள அதே மதிப்பு ஊதியக் கணக்கில் கிடைக்கட்டும். ஊசியை அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று வாதிடும் எங்களைப் போன்றவர்கள் அரசிடம் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை இதுதான்.